தம்பி விடுதலையாகிறான்; மகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: அப்பாவின் வேலை காரணமாகச் சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்துவிட்டோம். நானும் தம்பியும் இங்கேயே வளர்ந்து குடியுரிமை பெற்றோம். அப்பா காலமான பின் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். தம்பிக்கு இப்போது 34 வயது. மென்பொருள் துறையில் நல்ல வேலையில் இருந்தவனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு நிலைமை ஆகிவிட்டது. இணையத்தில் பழக்கமான 14 வயதுப் பெண் ஒருத்தி விஷயத்தில் தவறு நடந்துவிட்டது. தகாத படங்கள் கேட்டு வாங்கியதாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான்கு ஆண்டு சிறை. அடுத்த மாதம் வெளியே வருகிறான். இனி 25 ஆண்டுகளுக்குப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவன் பெயர் இருக்குமாம். என்னைத் தவிர அவனுக்கு இங்கே யாரும் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். அதனால் கூடவே கூடாது என்கிறார் என் கணவர். அம்மாவோ, ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அவனை வீட்டுக்கு அழைத்து வரலாமா? மகளிடம் என்ன சொல்வது? அவன் வாழ்க்கை அவ்வளவுதானா? தயவுசெய்து எங்கள் மாநிலத்தின் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் வசிக்கும் வீட்டில் தம்பியைத் தங்கவைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதே சரி. அதற்காகத் தம்பியைக் கைகழுவிவிடவும் வேண்டாம். அவர் வேறொரு கூரையின் கீழ் தங்க, நீங்கள் அவருக்கு அக்காவாகவே தொடர்ந்து இருக்க வழி உண்டு. சிறையிலிருந்து வெளிவரும் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைக் குழுக்களை நடத்துவதும் அவர்களுடைய குடும்பத்தாரோடு பேசுவதும் பல ஆண்டுகளாக என் தொழில். அப்படி இருந்து காட்டிய அக்காமார்களையும் அண்ணன்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. ‘நிலைமை ஆகிவிட்டது’ என்கிறீர்கள். ‘தவறு நடந்துவிட்டது’ என்கிறீர்கள். ‘தம்பி செய்தான்’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நீங்கள் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி, உடைத்த கையைச் சொல்லாமலே விட்டுவிட நம் மொழி தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆனால் சிகிச்சைக் குழுவில் புதிதாக வந்து அமர்பவர்கள், எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும், கிட்டத்தட்ட எல்லோரும் இதே மாதிரியான வாக்கியம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஒருவர் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். நான் மறுபடியும் கேட்டேன்” என்று சொல்லி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. மூன்றே மூன்று சின்ன வாக்கியங்கள்தான். அவற்றைச் சொன்ன நாளுக்குப் பிறகுதான் அவரோடு உருப்படியான வேலை எதையும் எங்களால் தொடங்க முடிந்தது. உங்கள் தம்பி அந்த இடத்துக்கு வந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அங்கே வந்து சேர வேண்டுமானால், அவர் அதிகம் நம்பும் ஆளான நீங்கள் முதலில் அங்கே வந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏறக்குறைய 19 வயது இருக்கும். தன் படங்கள் யார் கையில் போய்ச் சேர்ந்தனவோ என்ற பயத்தோடு அவள் இந்த ஆண்டுகளைக் கழித்திருக்கக்கூடும். அவளை நினைவில் வைத்துக்கொண்டேதான் மீதியை எழுதுகிறேன். நீங்களும் அப்படியே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். 1989 அக்டோபரில் மினசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994-இல் வந்த கூட்டரசுச் சட்டம், எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் நியூ ஜெர்சியில் மேகன் காங்கா என்ற ஏழு வயதுச் சிறுமியை, எதிர்வீட்டில் குடியிருந்த, ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஒருவன் கொன்றான். 1996-இல் வந்த மேகன் சட்டம் பதிவேட்டின் விவரங்களைப் பொதுமக்கள் அறியத் திறந்துவிட்டது. உங்கள் தம்பிக்குச் சொல்லப்பட்ட 25 ஆண்டுக் கணக்கு 2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டத்தின் கணக்கு. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து முதல் நிலையில் இருப்பவர் 15 ஆண்டுகள், இரண்டாம் நிலையில் இருப்பவர் 25 ஆண்டுகள், மூன்றாம் நிலையில் இருப்பவர் வாழ்நாள் முழுவதும் பதிவில் இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. இரண்டாம் நிலை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு 59 வயது ஆகும்வரை, மொத்தம் 50 முறை. இந்த அளவுகோல்களை முழுமையாக நடைமுறைப்படுத்திய மாநிலங்கள் பாதிக்கும் குறைவு; கலிபோர்னியாவில் 2021 முதல் 10 ஆண்டுகள், 20 ஆண்டுகள், வாழ்நாள் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் மாநிலத்தில் காலம் எப்போது தொடங்குகிறது, இடையில் பெயரை நீக்கக் கோரி மனுச் செய்ய முடியுமா என்பதை அங்கே வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதற்கு முன்னும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கைவிட ஆளை வீழ்த்துவது நாள் கணக்கு. வீடு, வேலை, படிக்கும் இடம், பெயர் இவற்றில் எது மாறினாலும் கூட்டரசு அளவுகோலின்படி மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் போய்த் தெரிவிக்க வேண்டும். ஓட்டும் வண்டியின் எண், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, இணையத்தில் வைத்திருக்கும் பயனர் பெயர்கள் எல்லாமே பதிவில் சேரும். தவறினால் அது தனிக் குற்றம். மாநில எல்லையைத் தாண்டியவர் என்றால் கூட்டரசுச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். புதிதாக எந்தத் தீங்கும் செய்யாமல், ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல மறந்ததற்காக மறுபடியும் உள்ளே போனவர்களை நான் அறிவேன். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று வைத்திருந்தார். தேதி, பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்த நேரம், சந்தித்த அலுவலரின் பெயர், என்ன சொன்னோம் என்ற ஒரு வரி, பக்கத்திலேயே ஒட்டிய ரசீது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு நோட்டுகள் நிரம்பின. ஒரு முறை அலுவலகத்தில் அவருடைய படிவம் தவறிப்போனபோது அந்த ரசீதுதான் அவரைக் காப்பாற்றியது. தம்பிக்கு நீங்கள் வாங்கித் தரும் முதல் பொருள் அப்படி ஒரு நோட்டாக இருக்கட்டும்.

அவர் உங்கள் வீட்டில் தங்கினால் உங்கள் முகவரி அவருடைய புகைப்படத்தோடு பொதுத்தளத்தில் வந்துவிடும். பல மாநிலங்களில், பக்கத்தில் குடிவருபவர்களைப் பற்றி மின்னஞ்சலில் எச்சரிக்கை பெறப் பதிந்துவைக்க முடியும். உங்கள் மகளின் வகுப்புத் தோழிகளுடைய பெற்றோர்கள் அப்படிப் பதிந்திருக்கலாம். அதன் பிறகு அவளுடைய பிறந்தநாளுக்கு யார் வருவார்கள், அவளை யார் அழைப்பார்கள் என்பதையெல்லாம் அவள்தான் தாங்க வேண்டியிருக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முடிவு உங்கள் கையிலேயே இல்லாமலும் போகலாம். சிறுவர் தொடர்பான குற்றத்தில் வெளிவருபவர் கண்காணிப்புக் காலத்தில் சிறுவர்கள் இருக்கும் வீட்டில் வசிக்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. விடுதலைக்குப் பின் கண்காணிக்கும் பரோல் அதிகாரி வந்து வீட்டைப் பார்த்த பிறகுதான் ஒப்புதலே கிடைக்கும். பள்ளியிலிருந்தும் பூங்காவிலிருந்தும் 1,000 அடி, சில இடங்களில் 2,500 அடி தள்ளித்தான் வசிக்க வேண்டும் என்ற தடையும் பல ஊர்களில் உண்டு. எனவே அறை பார்க்கும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முகவரியைப் பரோல் அதிகாரிக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுப்பதற்குப் பதிலாக, முடிந்தால், முதல் மூன்று மாத வாடகையில் ஒரு பங்கைக் கொடுங்கள்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் மனத்தில் இருக்கும் கேள்வி: அவர் மறுபடியும் செய்வாரா? உங்கள் தம்பியைப் பற்றி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மொத்தமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பணியகம், 2005-இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. பாலியல் குற்றத்துக்காக உள்ளே இருந்தவர்களில் 7.7 சதவீதத்தினர் அந்த ஒன்பது ஆண்டுகளில் மீண்டும் வன்புணர்ச்சி அல்லது பாலியல் தாக்குதலுக்காகக் கைதானார்கள். ஊரார் நினைப்பதைவிட இது மிகக் குறைவு. ஆனால் இது கைதானவர்களின் கணக்கு மட்டுமே. வெளியே வராத குற்றங்கள் இதில் இல்லை, பாலியல் குற்றங்களில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. ஆகவே இந்த எண்ணைக் காட்டி உங்கள் கணவரோடு வாதாட வேண்டாம். குற்றமில்லாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் ஆபத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. தங்க இடமும் வேலையும் உண்மை தெரிந்த மனிதர்களும் உள்ளவர் நிலைத்து நிற்கிறார். தனிமையும் ஒளிவுமறைவும் உள்ளவர் சறுக்குகிறார். என் அனுபவமும் இதுதான்.

பதிவேட்டைப் பற்றிய என் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். காவல்துறையின் கையில் பட்டியல் இருப்பதை நான் ஆதரிக்கிறேன். அதைத் தெருவுக்கே திறந்துவைப்பது குழந்தைகளைக் காத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காவல்துறையிடம் பதிவதால் குற்றம் குறைவதையும், பொதுமக்களுக்கு அறிவிப்பதால் பதிவில் உள்ளவர்கள் மீண்டும் குற்றம் செய்வது கூடக்கூடும் என்பதையும் காட்டியது. மகனை இழந்து முதல் சட்டத்துக்காகப் போராடிய பேட்டி வெட்டர்லிங் அம்மையாரே, பட்டியல் இவ்வளவு தூரம் விரிந்தது சரிதானா என்று பிற்காலத்தில் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். இருந்தாலும், பதிவேடு தண்டனை ஆகாது, ஒழுங்குமுறை ஏற்பாடுதான் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது அதுதான். ‘தண்டனைதான் முடிந்துவிட்டதே’ என்ற எரிச்சலோடு அலுவலகத்துக்குப் போகிறவர் ஏதோ ஒரு படிவத்தில் சறுக்குகிறார். எரிச்சல் நியாயமாகவே இருக்கலாம். அதைச் சிகிச்சை அறையில் பேசட்டும். அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். காவல்துறைக்கு வந்த வழக்குகளைத் தொகுத்து 2000-இல் நீதித்துறையின் அதே புள்ளியியல் பணியகம் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்ட சிறுவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தீங்கு செய்தவர் ஏற்கெனவே தெரிந்தவர். உறவினராகவோ பழக்கமானவராகவோ இருந்தவர். பட்டியலைப் பார்த்துத் தெரியாதவர்களுக்குப் பயப்படுவதைவிட, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் விதிகளை வீட்டில் வைத்திருப்பதுதான் அவளைக் காக்கும். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒன்பது வயதுக்குப் புரிகிற அளவில் இப்படிச் சொல்லலாம்: “மாமா உன்னைவிடக் கொஞ்சம் பெரிய பெண்பிள்ளை ஒருத்தியைக் கட்டாயப்படுத்தி, அனுப்பக் கூடாத படங்களை அனுப்ப வைத்தார். அந்தப் பிள்ளைக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அது சட்டப்படி குற்றம். அதனால் சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் மகளிடம் யாராவது அப்படிக் கேட்டால், அவள் உங்களிடம் ஓடிவருவதற்கு அந்த வாக்கியம்தான் வழி திறந்து வைத்திருக்கும்.

அவர்கள் இருவரும் சந்திப்பது பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். பரோல் அதிகாரியும் சிகிச்சையாளரும் எழுத்தில் அனுமதித்த பிறகு, நீங்களோ உங்கள் கணவரோ கண்பார்வையிலேயே இருக்க, அவள் விரும்பினால் மட்டும் சந்திக்கட்டும். எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. ‘பாவம் மாமா, ஏங்கிப்போவார்’ என்று அவளை இரங்க வைக்கவும் கூடாது. குற்றம் திரையின் வழியாகச் செய்யப்பட்டது என்பதால் திரையில்தான் விதி கடுமையாக இருக்க வேண்டும். மாமாவும் அவளும் தனியே செய்தி அனுப்பிக்கொள்வது, வீடியோ அழைப்பு, சேர்ந்து இணைய விளையாட்டு ஆடுவது எதுவும் கிடையாது. தனியாக அன்பளிப்பு கிடையாது. அம்மாவிடம் சொல்லாதே என்ற பேச்சு ஒரு சாக்லேட் விஷயத்தில்கூடக் கிடையாது. உங்கள் வீட்டுக் கணினிகளும் கைப்பேசிகளும் தம்பியின் கைக்குப் போகக் கூடாது. அது மகளுக்கும் நல்லது, இணையப் பயன்பாடு பற்றிய பரோல் நிபந்தனையை மீறியதாக அவர் மேல் பழி வராமல் இருப்பதற்கும் நல்லது. பதிவில் உள்ளவர்கள் சமூக ஊடகங்களையே பயன்படுத்தக் கூடாது என்ற வட கரோலினா மாநிலச் சட்டத்தை 2017-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு தம்பி பரோல் காலத்தில் கணக்குத் திறந்துவிடக் கூடாது. பரோலில் இருப்பவருக்கு அவருக்கென்று தனியாக விதித்த நிபந்தனைகளே பொருந்தும்.

அம்மாவின் யோசனையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை கூடுகிறது. கல்யாணம் இதற்கு மருந்தாகாது. உண்மையை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால், தம்பியின் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் ஒருத்தியோடு இன்னொருத்தியையும் சேர்க்கிறோம். இந்த முறை அதைச் செய்வது குடும்பம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. சிறுவருக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்ற குடிமகன், மனைவிக்காகவோ தாய்க்காகவோ கூட குடிவரவு மனுச் செய்ய ஆடம் வால்ஷ் சட்டம் தடை விதிக்கிறது. அந்த உறவினருக்கு அவரால் எந்த ஆபத்தும் இல்லை என்று அரசு ஏற்றுக்கொண்டால்தான் விலக்கு, அது கிடைப்பது மிக அரிது. ஊரில் கல்யாணம் செய்துவைத்துவிட்டு அந்தப் பெண்ணை இங்கே அழைத்து வர முடியாமல் போனால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் விளக்குங்கள். தம்பி ஊருக்குப் போய் வருவதும் எளிதாக இருக்காது. வெளிநாடு செல்வதற்கு 21 நாட்களுக்கு முன்பே பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 2016-இல் வந்த சட்டத்தின்படி, சிறுவர் தொடர்பான குற்றத்துக்காகப் பதிவில் இருப்பவருடைய பாஸ்போர்ட்டில் அதைச் சொல்லும் குறிப்பு அச்சிடப்படுகிறது. போய்ச் சேரும் நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் போகிறது, அந்த நாடு விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம். அம்மா அவரைப் பார்க்க விரும்பினால், அம்மா இங்கே வந்து போவதுதான் நடக்கக்கூடியது.

வாழ்க்கை அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் பழைய வாழ்க்கை திரும்பாது. மென்பொருள் வேலை முதல் சில ஆண்டுகளுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு, பட்டறை, இரவு நேரத் துப்புரவு என்று கிடைப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வேலை கொடுப்பவரிடம் உண்மையை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். ‘ஆதரவும் பொறுப்பும் தரும் வட்டங்கள்’ என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1994-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், வெளிவந்த ஒருவரை ஊரே விரட்டியபோது, மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று தொடங்கியது. நான்கைந்து தன்னார்வலர்கள், அவர் செய்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு, வாரந்தோறும் அவரோடு உட்கார்வார்கள். வேலை தேடவும் துணை வருவார்கள், பழைய பழக்கத்தின் வாடை அடித்தால் முகத்துக்கு நேரே கேட்கவும் செய்வார்கள். வெர்மான்ட், மினசோட்டா போன்ற மாநிலங்களில் இது சிறைத்துறையின் துணையோடு நடந்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் உண்டா என்று பரோல் அதிகாரியிடம் கேளுங்கள். இல்லையென்றால், உண்மை தெரிந்த இரண்டு மூன்று பேரையாவது நீங்களே தேடிச் சேருங்கள். எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே சுமந்தால் ஓர் ஆண்டுக்குள் உடைந்துபோவீர்கள். உங்கள் மகளுக்கும் கணவருக்கும் நீங்கள் வேண்டும்.

விடுதலை நாளன்று நீங்கள் போய் அழைத்து வாருங்கள். மகள் அப்பாவோடு வீட்டில் இருக்கட்டும். சிறையிலேயே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், அதனால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தங்கப்போகும் ஊரின் அலுவலகத்தில் எத்தனை நாளுக்குள் நேரில் வர வேண்டும் என்பதை முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டு, முடிந்தால் அன்றைக்கே அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். விடுதலைத் தாள், அடையாள அட்டை, அறையின் முகவரிச் சான்று மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். திரும்பும் வழியில் அம்மாவுக்குத் தொலைபேசி போட்டுக் கொடுங்கள். என்ன செய்தான், ஏன் இப்போது கல்யாணப் பேச்சு கூடாது என்பதை அம்மாவிடம் தம்பியே சொல்லட்டும். அவர் திணறினாலும் நீங்கள் இடையில் புகுந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம்.